மழையும் கூலியும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சங்க மேடையில் கூலியைப் பற்றிப் பேசுவது வழக்கம். போனசைப் பற்றிப் பேசுவது வழக்கம். வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி பற்றிப் பேசுவதும் வழக்கம். இன்று நாம் மழையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "மழையைப் பற்றிப் பேச இது என்ன பள்ளிக்கூடமா?" என்று சிலர் நினைக்கலாம். பால் மரத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு மழைதான் முதல் கூலிப் பிரச்சினை. நிர்வாகம் கூலியைக் குறைத்தால் ஏன் என்று கேட்கச் சங்கம் இருக்கிறது. மேகம் கூலியைக் குறைத்தால் யாரிடம் போய்க் கேட்பது? நம் பாட்டன் காலத்தில் இதற்கு விடை இல்லை. லயத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குப் பாதி வயிறுதான்" என்று உள்ளே போனவர்கள் நம் முன்னோர்.

இன்று அந்த நிலைமை மாறிவிட்டது. மழை பெய்யும் முறையையே மனிதனுடைய காரியங்கள் மாற்றி வருகின்றன என்பதை விஞ்ஞானிகள் அளந்து காட்டியிருக்கிறார்கள். இயற்கையின் செயல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மனிதனின் செயல் என்றால் கணக்குக் கேட்கலாம். கணக்குக் கேட்க வேண்டுமானால் முதலில் நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். இதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

விடியற்காலை மழை

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். பால் மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்டுகிறோம்? இரவு முழுவதும் மரம் நீரைக் குடித்துப் பட்டையிலுள்ள பால் குழாய்கள் விம்மி நிற்கின்றன. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடும். குழாய்களின் விம்மல் தணியும். பால் ஓட்டம் குறையும். ஆகவேதான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போகிறோம்.

அந்த நேரத்தில் மழை பெய்தால் என்ன ஆகும்? பட்டை நனைந்திருந்தால் உளி வைக்க முடியாது. வைத்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் மரம் முழுவதும் பரவி வழிந்துவிடும். மரம் காயட்டும் என்று காத்திருந்தால் எட்டு மணி, ஒன்பது மணி ஆகிவிடும். அப்புறம் வெட்டினால் பாதிப் பால். வெட்டி முடித்த பிறகு மழை வந்தாலோ மங்கில் இருக்கும் பால் மழைத் தண்ணீரோடு பொங்கித் தரையில் ஓடும். உழைத்தது உழைத்தபடி இருக்க, கூலி மண்ணில் போகும். நனைந்த பட்டையில் பூசணம் பிடித்து வெட்டுப் பக்கம் கருகிப் போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அது ஒரு நாள் நஷ்டமல்ல. அந்தப் பட்டை புதுப்பித்து வரப் பல ஆண்டுகள் வேண்டும்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. பால் வெட்டுக்காரனுக்கு மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது என்பதே முக்கியம். பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு அங்குல மழை கொட்டட்டும். நம் கூலியில் ஒரு காசும் குறையாது. காலை ஐந்து மணிக்குக் கால் அங்குலம் தூறட்டும். அன்றைய நாளே போயிற்று. மேற்குக் கரையில் இருக்கும் நமக்குச் 'சுமத்திரா' என்னும் காற்று மழையைத் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து, விடியும் முன்னும் விடிந்த பின்னும் அது வந்து அறையும். சரியாக நாம் மரத்தடியில் நிற்கும் நேரம் பார்த்து வரும் மழை அது.

காற்று என்னும் வாளி

இனி, மனிதன் மழையை எப்படி மாற்றினான் என்பதைப் பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. காண்டா வாளி தூக்கியவருக்கு எளிதில் விளங்கும்.

காற்றை ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்தும் காட்டிலிருந்தும் எழும் நீராவி அந்த வாளியில் சேருகிறது. சூடான காற்று பெரிய வாளி. குளிர்ந்த காற்று சிறிய வாளி. சூடு ஒரு டிகிரி கூடினால் வாளி ஏறக்குறைய 7 சதவிகிதம் பெரிதாகிறது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட பௌதிக விதி. ஆனால் வாளி பெரிதாகும் வேகத்தில் அதை நிரப்பும் நீர் கூடுவதில்லை. உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், ஒரு டிகிரி சூட்டுக்கு மொத்த மழை 1 முதல் 3 சதவிகிதம்தான் கூடுகிறது. வாளி பெரிதாகிவிட்டது, குழாயில் தண்ணீர் அந்த அளவுக்குக் கூடவில்லை. என்ன நடக்கும்? நிரம்ப அதிக நாள் பிடிக்கும். கவிழும்போது மொத்தமாகக் கவிழும்.

தோழர்களே, காலநிலை மாற்றம் என்று படித்தவர்கள் சொல்வதில் மழையைப் பற்றிய சாரம் இதுதான். பெய்யும்போது அளவுக்கு மிஞ்சிப் பெய்கிறது. பெய்யாதபோது நீண்ட நாள் பெய்யாமல் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாமலும் போகலாம். ஆண்டுக் கணக்கில் யாரும் பால் வெட்டுவதில்லையே! நாம் நாள் கணக்கில் அல்லவா பிழைக்கிறோம்!

சரி, சூடு ஏன் கூடியது? நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் கரியமில வாயு உண்டாகிறது. அந்த வாயு பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வைபோல் தடுக்கிறது. இது நேற்றுச் சொன்ன சங்கதியல்ல. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்னும் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் மிக அதிகமாகச் சூடேறியது. 1896இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரீனியஸ், இந்த வாயு கூடினால் உலகம் எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டார். யந்திரத் தொழில் தொடங்குவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் கீலிங் என்பவர் அளக்கத் தொடங்கியபோது அது 315. இன்று 420க்கும் மேல். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் சராசரிச் சூடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட 1.1 டிகிரி கூடியிருந்தது. 2024ஆம் ஆண்டு, ஒன்றரை டிகிரியைத் தாண்டிய முதல் ஆண்டாகப் பதிவாயிற்று.

"சூரியனே அதிகமாகக் காயலாமே, மனிதனை ஏன் பழிக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சூரியன் காரணமானால் ஆகாயத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் இரண்டுமே சூடாக வேண்டும். ஆனால் அளந்து பார்த்ததில் கீழடுக்குச் சூடாகிறது, மேலடுக்குக் குளிர்கிறது. போர்வைக்கு உள்ளே சூடும் வெளியே குளிரும் இருப்பது போர்வையின் வேலை. அடுப்பின் வேலை அல்ல. இப்படித்தான் ஆகும் என்று 1967லேயே கணக்கிட்டுச் சொன்னவர்களில் ஒருவர் மனாபே என்னும் ஜப்பானிய விஞ்ஞானி. 2021இல் அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கித்தாக்காடு நகரமான கதை

உலகத்துச் சூடு ஒரு பக்கம். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு சூடும் சேர்ந்திருக்கிறது. அது நகரத்தின் சூடு.

இந்தப் பள்ளத்தாக்கு முன்பு என்னவாக இருந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெட்டாலிங் ஜெயா இருக்கும் இடம் எஃபிங்ஹாம் தோட்டம். சுபாங் ஜெயா இருக்கும் இடம் சீபீல்ட் தோட்டம். ஷா ஆலம் இருக்கும் இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் மரம் நட்டுச் சோதனை செய்த நிலத்தில்கூட இன்று குவாசா டாமன்சாரா என்னும் புதிய நகரம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மரம் நின்ற இடத்தில் மாடி நிற்கிறது; பாதை போன இடத்தில் நெடுஞ்சாலை போகிறது. வளர்ச்சியை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வளர்ச்சி மழையை என்ன செய்தது என்று அறிய நமக்கு உரிமை உண்டு.

மரம் நீரை ஆவியாக விட்டுக் காற்றைக் குளிரச் செய்யும். சிமெண்டும் தாரும் பகலெல்லாம் வெயிலைக் குடித்துச் சூட்டைக் கக்கும். சூடான காற்று மேலே எழும்பும்போது சுற்றுப்புறத்து ஈரக் காற்றையும் இழுத்துக்கொண்டு எழும்பும். நகரத்தின் தலைக்கு மேல் இடிமேகம் திரளும்.

2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதை அளந்து காட்டியது. கோலாலம்பூரில் முப்பதாண்டுக் காலத்தில், ஒரு மணி நேரத்தில் கொட்டும் கனமழையின் வேகம் ஏறக்குறைய 35 சதவிகிதம் கூடியிருக்கிறது. சுற்றியுள்ள நாட்டுப்புறத்தில் கூடியதைப்போல் இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நகரத்தின் மேல் இப்படி மழை திரள்வதால் சுற்றுப்புறத்துக்குக் கிடைக்கும் மழை குறைகிறது என்பதையும் அதே ஆராய்ச்சி கண்டது. அதாவது, நகரம் மழையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இழுத்ததைத் தாங்கவும் அதனால் முடியவில்லை.

இன்னொரு செய்தியும் அதில் இருக்கிறது. அதைக் கிராணிமார் கவனிக்க வேண்டும். மணிக் கணக்கில் பார்த்தால் 35 சதவிகிதம் கூடிய மழை, நாள் கணக்கில் பார்த்தால் அவ்வளவு கூடவில்லை. ஒரு நாள் முழுவதும் பெய்ய வேண்டியது ஒரே மணியில் பெய்துவிடுகிறது. காலையில் மழைமானியைப் பார்த்து 'நேற்று இவ்வளவு' என்று ஒரே ஒரு எண்ணை எழுதி வைத்தால் இந்த மாற்றம் அதில் தெரியவே தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

2021 டிசம்பர்

நகரம் இழுத்ததைத் தாங்கவில்லை என்றோம். இழுக்காமலே வரும் பெருமழை இன்னும் கொடியது. அதற்குச் சாட்சி சொல்ல இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள்.

வடகிழக்குப் பருவமழை என்றால் கிளந்தான், திரெங்கானு, பகாங்தான் நனையும். நடுவில் நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் நமக்கு மதில். 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த மதிலும் உதவவில்லை. தென்சீனக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து வந்தது. கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சராசரி 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மழை ஒரே நாளில் பெய்துவிட்டதாக அரசாங்கமே அறிவித்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டின் கீழ்த்தளம் முழுகி மக்கள் கூரையேறி நின்றார்கள். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சிலாங்கூர்க்காரர்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தின் நஷ்டம் நாடு முழுமைக்கும் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதில் சிலாங்கூரின் பங்கு மட்டும் 310 கோடி.

இந்தக் கோடிகளுக்குள்ளே தெருக்கோடி மனிதனின் நஷ்டம் எங்கே இருக்கிறது? தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் எங்கே குடியேறினார்கள்? மேட்டு நிலம் விலை கூடியது. பள்ளத்தில்தான் வாடகை குறைவு. ஆற்றோரத்தில்தான் மலிவு வீடு. ஆகவே தண்ணீர் முதலில் தேடி வந்தது நம் பிள்ளைகளின் வீட்டை. மெத்தையும் குளிர்பெட்டியும் மோட்டார் சைக்கிளும் ஒரே இரவில் குப்பையாயின. தவணை மட்டும் குப்பையாகவில்லை. அது மாதா மாதம் வந்துகொண்டே இருந்தது.

கிள்ளானுக்கு இன்னொரு இக்கட்டும் உண்டு. கிள்ளான் ஆற்றில் கடல் ஏற்றம் வரும். ஏற்றமும் மழையும் சேர்ந்து வந்தால் ஆற்று நீர் கடலுக்குப் போக வழியின்றித் தேங்கும். 1901 முதல் 2018 வரை உலகத்தின் கடல் மட்டம் சுமார் 20 செண்டிமீட்டர், அதாவது எட்டு அங்குலம், உயர்ந்திருக்கிறது. கரையோரத் தோட்டங்களில் பண்டு கட்டி, மதகு வைத்து, கால்வாய் வெட்டியவர்கள் நம்மவர். எட்டு அங்குலம் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"முன்பும் வெள்ளம் வந்ததே!"

"1926இல் பெருவெள்ளம் வரவில்லையா? 1971 ஜனவரியில் கோலாலம்பூர் முழுகவில்லையா? அப்போது யார் உலகத்தைச் சூடாக்கினார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளம் முன்பும் வந்தது உண்மை. 1971க்குப் பிறகுதான் வெள்ளத் தடுப்புக்கென்று அரசாங்கம் நிலையான ஆணையமே அமைத்தது. 2007இல் கோலாலம்பூரின் அடியில் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளச் சுரங்கம் ஒன்றையும் திறந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சீட்டாட்டத்தில் ராஜா எப்போதாவது வருவது இயல்பு. யாரோ ஒருவன் கட்டில் இன்னும் இரண்டு ராஜாவைச் செருகிவிட்டான் என்றால், அடிக்கடி ராஜா வரும். வந்த இந்த ராஜா பழையதா, செருகியதா என்று வழக்காடுவதில் பயனில்லை. கட்டு மாறிவிட்டது என்பதுதான் விஷயம். சூடான காற்று கட்டை மாற்றிவிட்டது. பழைய மழைக் கணக்கை வைத்து வெட்டிய கால்வாய் புதிய மழைக்குப் போதாது.

மழை இல்லாத நாள்

பெரிய வாளி நிரம்ப நாளாகும் என்றோமே, அந்தப் பக்கத்தையும் பார்ப்போம். 1997, 1998இல் 'எல் நினோ' என்னும் கடல் வெப்ப மாறுதல் வந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக் கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 2014இல் எல் நினோ இல்லாமலே வறட்சி வந்தது. மீண்டும் பங்கீடு, மீண்டும் வாளி வரிசை. எல் நினோ மனிதன் செய்ததல்ல. அது பழைய விருந்தாளி. ஆனால் சூடேறிய உலகத்தில் அந்த விருந்தாளி வரும்போது மண் விரைவாகக் காய்கிறது. வறட்சியின் கடுமை கூடுகிறது.

பால் மரத்துக்கு இதனால் என்ன? மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் குழாயில் விம்மல் இல்லை; விம்மல் இல்லாவிட்டால் பால் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும். தளிர் விடும் நேரத்தில் காலம் தவறிய ஈரம் வந்தால் சாம்பல் பூசணம் பிடித்துத் தளிர் மறுபடியும் கொட்டும். 2017 முதல் நம் நாட்டில் இன்னொரு புதிய இலைநோயும் பரவியிருக்கிறது. 'பெஸ்டலோட்டியோப்சிஸ்' என்று அதற்குப் பெயர். ஈரமான பருவத்தில் அது பெருகுகிறது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விளைவு நமக்குப் புரியும்: இலையில்லாத மரம், பாலில்லாத மங்கு.

யார் எரித்தது? யார் நனைவது?

இதுவரை உலகம் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு இவற்றிலிருந்து வந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. ஐரோப்பாவும் பெரும் பங்கு எரித்தது. அவர்களுடைய கார்ச் சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும் என்றுதானே நம் பாட்டனைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள்! அந்தச் சக்கரம் ஓடி ஓடிக் கக்கிய புகை, இன்று பேரன் வெட்டும் மரத்தின் மேல் காலமல்லாக் காலத்து மழையாகப் பெய்கிறது.

ஆனால் பழியை வெளிநாட்டின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. 1915 முதல் 1960 வரை இதே சிலாங்கூரில் பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டினார்கள். இன்று நம் கிள்ளானைச் சேர்ந்த காப்பாரில் நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்யும் பெரிய நிலையம் இருக்கிறது. அங்கும் வேலை செய்பவன் தொழிலாளிதான். நிலக்கரியை விட்டுச் சூரிய ஒளிக்கு நாடு மாறும்போது அந்தத் தொழிலாளியின் சோற்றில் கை வைக்காமல் மாற வேண்டும். புதிய வேலையும் பயிற்சியும் தந்து மாற வேண்டும். இதையும் தொழிற்சங்கம்தான் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி, கையில் இருக்கும் ஆயுதத்தைப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 16ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தோட்டத்தில் நாள் கணக்கில் கூலி பெறும் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் அவனுக்கு ஏற்ற வேலை கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர் என்று அது கூறுகிறது. அவ்வளவு நாள் வேலை கொடுக்க முடியாமற்போனால், வேலை செய்யத் தயாராகவும் தகுதியாகவும் இருந்த தொழிலாளிக்கு, குறைந்த நாளுக்கும் வேலை செய்ததுபோலவே கூலி கொடுக்க வேண்டும். வார ஓய்வு நாள் அந்த 24இல் சேராது.

ஓர் உதாரணம் பாருங்கள். முப்பது நாள் கொண்ட மாதம். ஓய்வு நாள் நான்கு போக 26. மழையால் ஆறு நாள் வேலை இல்லை. மீதி 20. இருபத்து நாலுக்கு இன்னும் நான்கு நாள் குறைகிறது. அந்த நான்கு நாளுக்குப் பால் வெட்டாவிட்டால் கால்வாய் வேலையோ, புல் வெட்டோ, வேறு வெளிக்காட்டு வேலையோ தரலாம். எதுவும் தராவிட்டால் கூலி தரவேண்டும். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. "நான் தயாராக இருந்தேன்" என்பதை எப்படிக் காட்டுவது? மழையைப் பார்த்துவிட்டுப் பெரட்டுக்கே போகாமல் படுத்துவிட்டால், "ஆள் வரவில்லை" என்று செக்ரோலில் ஏறிவிடும். தகராறு வந்தால் அது தொழிலாளர் இலாகாவின் தலைமை அதிகாரியிடம் போகும். அங்கே வாய்ப்பேச்சு நிற்காது; எழுத்துத்தான் நிற்கும்.

இந்தப் பிரிவு நாள் கணக்குக் கூலியைப் பற்றியது. கிலோ கணக்கிலும் காண்டிராக்டிலும் வேலை செய்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் மழை நாளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பார்க்க வேண்டும். ஒன்றும் எழுதியிராவிட்டால், அடுத்த ஒப்பந்தத்தில் எழுதவைக்க வேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் இன்று நம்மோடு இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் நனைகிறார்கள். அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை. குடை கிழிந்தால் எல்லோர் தலையும்தான் நனையும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, மழைப் புத்தகம். தோட்ட ஆபீசில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று செக்ரோல், இன்னொன்று மழைமானிக் கணக்கு. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. அவற்றைப் பேச வைக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். தேதி, மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், எத்தனை பேர் பெரட்டுக்கு வந்தார்கள், வேலை கொடுக்கப்பட்டதா, எத்தனை மணிக்கு உளி வைத்தார்கள், பால் எவ்வளவு, இத்தனையும் அதில் ஏற வேண்டும். நாளுக்கு ஓர் எண் மட்டும் எழுதினால் மாற்றம் தெரியாது என்று முன்பே சொன்னோம். நேரத்தை எழுதுங்கள். கிராணிமாரே, இதில் உங்கள் கை உதவ வேண்டும். நீங்களும் சம்பளக்காரர்கள்தான். ஐந்து ஆண்டு ஒழுங்காக எழுதிய நோட்டு, ஒப்பந்த மேசையில் ஐம்பது சொற்பொழிவுக்குச் சமம்.

இரண்டாவது, மரத்துக்கு மழைக்காப்பு. வெட்டுப் பக்கத்துக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோல் ஒட்டிவிட்டால், மரத்தில் வழியும் தண்ணீர் வெட்டுக் கோட்டில் விழாது. மழை விட்டதும் சீக்கிரம் வெட்டலாம். கேரளத்தில் கோட்டயம் பக்கம் இது சாதாரணக் காட்சி. கொட்டுகிற பெருமழையை அது தடுக்காது. நனைந்த பட்டையால் கெடும் நாளைக் காப்பாற்றும். அந்தத் தாளும் பசையும் ஒட்டுக் கூலியும் நிர்வாகத்தின் செலவாக இருக்க வேண்டும். காப்பாற்றப்படும் பாலில் பெரும்பங்கு அவர்களுக்குத்தானே போகிறது!

மூன்றாவது, இருப்பிடம். லயமானாலும் தாமானானாலும், கால்வாய் தூர்ந்திருக்கிறதா, பண்டு உடைந்திருக்கிறதா, வெள்ளம் வந்தால் எந்த மேட்டுக்குப் போவது என்பதை வட்டாரத்துக்கு வட்டாரம் எழுதி வைக்க வேண்டும். வயதானவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற ஜாபிதா இளைஞர் பிரிவின் கையில் இருக்க வேண்டும். 2021இல் முதலில் படகு கொண்டுவந்தவர்கள் பலர் பக்கத்துத் தெருக்காரர்களே என்பதை மறந்துவிடக் கூடாது.

நான்காவது, மரம். தோட்டம் விற்கப்படும் இடத்தில் வீடு வரட்டும். ஆனால் தண்ணீர் தங்க ஏரியும், மண் மூச்சுவிட இடமும், நிழலுக்கு மரமும் விட்டுவிட்டு வரட்டும். நகராண்மைக் கூட்டங்களில் இதைக் கேட்க நம் ஆட்கள் போக வேண்டும். கேட்பவன் இல்லாவிட்டால் கடைசிக் கால்வாய்க்கும் மூடி போட்டுக் கடை கட்டிவிடுவார்கள்.

தோழர்களே! இவற்றால் நாளைக்கே மழை பழையபடி ஒழுங்காகப் பெய்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. காற்றில் ஏறிய கரியமில வாயு பல தலைமுறை அங்கேயே இருக்கும். உலகம் எரிப்பதை நிறுத்தும் வரை சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கும். எரிப்பதை நிறுத்தும் பேச்சு நடக்கும் பெரிய மாநாடுகளில் நமக்கு நாற்காலி இல்லை. ஆனால் மழையால் போகும் கூலியை யார் ஏற்பது என்ற பேச்சு நடக்கும் மேசையில் நமக்கு நாற்காலி உண்டு. அதைச் சங்கம் போராடிப் பெற்றது. அந்த நாற்காலியில் வெறுங்கையோடு போய் உட்காரக் கூடாது.

ஆகவே இந்தக் கூட்டம் கலைந்து போகும்போது, ஒவ்வொரு கிளைச் செயலாளரும் வழியிலுள்ள கடையில் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறோம். செலவு சில வெள்ளிதான். நாளை விடியற்காலை மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், பெரட்டுக்குப் போங்கள், பெயரைப் பதியுங்கள், நேரத்தை எழுதுங்கள்.